குழந்தைப் பருவம் யாருக்கு வழங்கப்பட்டது? கரிசல் சீமையில் பள்ளி, வாசிப்பு, சாதி

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சிறு நகரம் காரியாபட்டி. காலை எட்டு மணிக்கு அங்கு வந்து நிற்கும் பேருந்துகளிலிருந்து சுற்றுவட்டாரக் கிராமங்களின் பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் இறங்குகின்றனர். ஊர்த் தெருவிலிருந்து வருபவர் யார், காலனியிலிருந்து வருபவர் யார் என்று அந்தச் சீருடையை வைத்து எவரும் சொல்லிவிட முடியாது. நமக்கு இது அன்றாடக் காட்சி. ஆயினும் இப்பிள்ளைகளில் பலருடைய பாட்டன்களும் பூட்டன்களும் இதே வயதில், இதே நேரத்தில், பிறர் வீட்டு மாடுகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தனர். பருத்திக் காட்டிலும் மிளகாய்த் தோட்டத்திலும் அவர்களுக்கு அரைக்கூலி. கூலிக் கணக்கில் அவர்கள் 'அரையாள்'. குழந்தைகள் என்று அவர்களை எவரும் கணக்கிட்டதில்லை.

இந்த மாற்றத்தைக் 'கல்வி வளர்ச்சி' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவது நம் வழக்கம். எத்தனை பள்ளிகள் திறந்தன, எத்தனை பேர் சேர்ந்தனர் என்ற எண்ணிக்கையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. குழந்தை என்றால் யார் என்ற எண்ணமும் இக்காலத்தில் மாறியிருக்கிறது. எவரை உழைப்பிலிருந்து விலக்கிப் பாதுகாப்பது, எவரைப் பாதுகாக்க வேண்டியதில்லை என்று ஒரு சமூகம் எடுக்கும் முடிவே அந்த எண்ணம். அம்முடிவில் சாதி எவ்வாறு செயல்பட்டது, பள்ளியும் வாசிப்பும் அதை எவ்வளவு தூரம் மாற்றின, எங்கே மாற்றாமல் விட்டன என்பதை இங்கே பார்ப்போம்.

வயது வேறு, பருவம் வேறு

குழந்தைப் பருவம் இயற்கையானது, எல்லாக் காலத்துக்கும் பொதுவானது என்றே நாம் எண்ணுகிறோம். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியேஸ் 1960இல் வெளியிட்ட நூலில் இவ்வெண்ணத்தைக் கேள்விக்கு உட்படுத்தினார். இடைக்கால ஐரோப்பாவில் தாயின் கைப்பிடியை விட்ட பிள்ளை உடனே பெரியவர்களின் உலகில் கலந்தது. அவர்களோடு உழைத்தது, அவர்களோடு உண்டது. பிள்ளைகளைப் பெரியவர்களிடமிருந்து பிரித்துத் தனிப் பருவமாக நிறுத்தியதில் பள்ளிக்கூடத்துக்கு முதன்மைப் பங்கு உண்டு என்பது அவருடைய முடிவு. அக்காலப் பெற்றோரும் தம் பிள்ளைகளை நேசித்தனர் என்பதைச் சான்றுகளோடு எடுத்துக்காட்டிப் பிற்கால ஆய்வாளர்கள் அவரை மறுத்தனர். அந்த மறுப்பு நியாயமானது. என்றாலும் அன்பு வேறு, விலக்கு வேறு. பெற்றோருக்கு அன்பு இருந்தபோதும் பிள்ளையை உழைப்பிலிருந்து விலக்கிவைக்கும் வசதி இல்லாமற் போகலாம். அந்த வசதியைத் தருவதும் மறுப்பதும் சமூக ஏற்பாடுகளே.

அமெரிக்க அறிஞர் நீல் போஸ்ட்மேன் 1982இல் இக்கருத்தை வாசிப்போடு இணைத்தார். அச்சு பரவியபின், பெரியவர் ஆவதற்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிலை வந்தது. வாசிப்பை அடையும் வரையிலான ஆண்டுகள் குழந்தைப் பருவம் ஆயின. அவ்வாண்டுகளுக்குரிய இடமாகப் பள்ளி அமைந்தது என்பது அவர் வாதம்.

தமிழுக்கும் குழந்தைப் பருவம் பற்றிய பழைய இலக்கணம் ஒன்று உண்டு. பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியைக் காப்பு முதலாகப் பத்துப் பருவங்களாகப் பிரிக்கிறது. ஆனால் அங்கே பாட்டுடைத் தலைவராக வரும் பிள்ளை கடவுள், அரசர், அல்லது குருமார். ஆண்பால் பிள்ளைத்தமிழின் பருவங்களில் ஒன்று சிறுபறை: குழந்தை சிறிய பறையைக் கொட்டி விளையாடும் பருவம். ஊர் ஊராகச் சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடிக்கும் கடமை சுமத்தப்பட்ட குடும்பத்திலும் பிள்ளையின் கையில் சிறு வயதிலேயே பறை இருந்தது. ஒரு பிள்ளைக்கு அது விளையாட்டுப் பொருள். மற்றொரு பிள்ளைக்கு அது பிறப்பால் வந்த வேலை. அந்த இரண்டாவது பிள்ளைக்கு எந்த இலக்கணத்திலும் பருவம் வகுக்கப்படவில்லை.

இரண்டு மறுப்புகள்

காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானத்தை நம்பிய புஞ்சைக் காடு. குண்டாற்றில் நீர் ஓடும் நாள்கள் குறைவு. கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, மிளகாய், மல்லி எனப் பயிர்கள் மழையைப் பார்த்தே விளைந்தன. இத்தகைய வேளாண்மையில் களையெடுப்பதற்கும் பருத்தி, மிளகாய் பறிப்பதற்கும் குறுகிய காலத்தில் நிறைய கைகள் வேண்டும். நிலமற்ற தலித் குடும்பங்களின் பிள்ளைகள் அந்தக் கைகளாக இருந்தனர். ஆண்டு முழுதும் மாடு மேய்ப்பதும் சாணம் பொறுக்குவதும் விறகு கொண்டுவருவதும் அவர்களுடைய வேலையே. பெற்றோர் பட்ட கடனுக்காகப் பண்ணையில் விடப்பட்ட பிள்ளைகளும் உண்டு.

இது முதல் மறுப்பு: குழந்தைக்குக் குழந்தைப் பருவம் மறுக்கப்பட்டது. இதோடு சேர்ந்தே இயங்கிய இரண்டாவது மறுப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நரைத்த தலையோடு நிற்கும் தலித் முதியவரை ஆதிக்கச் சாதியின் சிறுவன் பெயர் சொல்லி, 'டேய்' என்று அழைத்தான். முதியவரோ அச்சிறுவனை 'ஐயா' என்றும் 'சாமி' என்றும் அழைக்க வேண்டியிருந்தது. அதாவது தலித் பிள்ளை ஏழு வயதில் உழைக்கும் ஆளாக்கப்பட்டான். எழுபது வயதிலும் அவன் பெரியவனாக ஏற்கப்படவில்லை. பத்திரத்தில் இடது கைப் பெருவிரலை உருட்டும் 'கைநாட்டு' என்ற பெயரும் அவனுக்கே. எழுத்தறிவே பெரியவரைக் குழந்தையிடமிருந்து பிரிக்கிறது என்ற போஸ்ட்மேனின் வாதத்தை நம் சீமைக்குப் பொருத்தினால் கிடைக்கும் விளக்கம் இது: எழுத்தை மறுத்ததன் மூலம் சாதி ஒரு மக்கள் கூட்டத்துக்குக் குழந்தைப் பருவத்தையும் முதிர்ச்சிக்குரிய மதிப்பையும் ஒருசேர மறுத்தது.

அதே மண்ணில், அதே காலத்தில் வேறொரு குழந்தைப் பருவமும் இருந்தது. பின்னாளில் ரமண மகரிஷி என்று அறியப்பட்ட வெங்கடராமன் 1879இல் திருச்சுழியில் பிறந்தார். தந்தை வழக்குரைக்கும் தொழிலில் இருந்தவர். சிறுவன் திருச்சுழியிலும் திண்டுக்கல்லிலும் மதுரையிலும் பள்ளிகளில் படித்தான். தந்தை இறந்தபோதும் உறவினர் வீட்டிலிருந்து படிப்பு தொடர்ந்தது. ஓர் இழப்புக்குப் பின்னும் பிள்ளையைப் பள்ளியிலேயே வைத்திருக்கும் ஏற்பாடு அக்குடும்பத்துக்குச் சாதியாலும் உறவாலும் கிடைத்திருந்தது. அதே இழப்பு நிலமற்ற தலித் வீட்டில் நேர்ந்திருந்தால் மறுநாளே பிள்ளை பண்ணைக்குப் போயிருக்கும்.

பள்ளி வாசலில்

அமெரிக்க மிஷன் 1834இல் மதுரையில் பணியைத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருச்சுழிக்கு அண்மையிலுள்ள மண்டபசாலையில் நிலையம் அமைத்தது. கிராமங்களில் திறக்கப்பட்ட சிறு மிஷன் பள்ளிகள் இச்சீமையின் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு முதல் எழுத்தைக் காட்டின. சென்னையில் ஆல்காட் 1894இல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். மராட்டியத்தில் சோதிராவ் புலேவும் சாவித்திரிபாய் புலேவும் 1848 முதலே பள்ளிகள் நடத்தினர். அப்பள்ளி ஒன்றில் படித்த முக்தாபாய் என்னும் பதினான்கு வயது மாங் சாதிச் சிறுமி, மாங், மகர் மக்களின் துயரம் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் வெளிவந்தது. கல்வி கிடைத்த சில ஆண்டுகளிலேயே ஒரு தலித் குழந்தை தன் மக்களின் நிலையைத் தானே எடுத்துரைத்தது.

1882இல் ஹண்டர் கல்விக் குழுவுக்கு அளித்த மனுவில், குறைந்தது பன்னிரண்டு வயது வரை தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று புலே கோரினார். இது பள்ளிக்கான கோரிக்கை மட்டும் அன்று. பன்னிரண்டு வயது வரை உழைப்புச் சந்தை பிள்ளையைத் தொடக் கூடாது என்று எல்லை வகுத்த முதற்குரல்களில் இதுவும் ஒன்று.

ஆனால் பள்ளிக்குள் நுழைந்தவுடன் குழந்தைப் பருவம் கிடைத்துவிடவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தன் வரலாற்றுச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த நாள்களை நினைவுகூர்கிறார். உடன் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பார்ப்பனர்கள். தன் சாதியும் குடியிருப்பும் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் அவர் பிற மாணவரோடு நெருங்கவில்லை. பள்ளிக்கு வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்தபின் வகுப்புக்குள் நுழைவார். சதாராவில் அம்பேத்கர் என்னும் சிறுவன் வீட்டிலிருந்து கொண்டுசென்ற கோணிச்சாக்கின் மீது தனியே அமர்ந்தான். ஊழியர் இல்லாத நாளில் அவனுக்குத் தண்ணீர் இல்லை. இருவருக்கும் படிப்பு கிடைத்தது. விளையாட்டும் தோழமையும் கிடைக்கவில்லை.

இந்த இழப்பை உணர்ந்தவர்களில் ஒருவர் எம்.சி. ராசா. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அவர் சென்னைச் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்டோரின் குரலாக விளங்கினார், பாடநூல்களும் எழுதினார். மழலையருக்கான பாடல்களைத் தொகுத்து அவர் உருவாக்கிய நூலும் நமக்குக் கிடைக்கிறது. அரசியல் உரிமைக்கு வாதாடிய தலைவர் குழந்தைகளின் பாட்டுக்கும் விளையாட்டுக்கும் நேரம் ஒதுக்கியதை நாம் சிறிய செய்தியாகக் கொள்ளக் கூடாது. 1924இல் பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் எல்லோரும் பயன்படுத்தும் உரிமைக்கான தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். தெருவில் நடக்க உரிமையற்ற பிள்ளைக்குப் பள்ளி திறந்திருந்தும் பயனில்லை என்பது அத்தலைவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அரைநாள் பள்ளி

கட்டாயக் கல்வி என்ற கோரிக்கை எழுந்த போதெல்லாம், ஏழைப் பிள்ளை படித்தால் வேலை செய்வது யார் என்ற கேள்வியும் எழுந்தது. கோகலே 1911இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வி மசோதா மறு ஆண்டு தோற்கடிக்கப்பட்டது. பண்ணை வேலைக்கு ஆள் குறையும் என்ற நிலவுடைமையாளரின் கவலையும் அந்த எதிர்ப்பில் இருந்தது.

1953இல் சென்னை மாநில முதல்வர் இராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த திட்டம் அக்கேள்விக்கு வேறொரு வடிவம் கொடுத்தது. பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பள்ளியில் இருக்க வேண்டும். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயரிட்டு எதிர்த்தனர். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான திட்டமாகத் தோன்றினாலும், தந்தையின் தொழில் செருப்புத் தைப்பதாகவோ மலம் அள்ளுவதாகவோ இருந்த பிள்ளைக்கு அந்த எஞ்சிய நேரம் என்னவாக இருந்திருக்கும்? பிள்ளையின் நாளைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியைச் சாதிக்குத் திருப்பித் தந்த திட்டம் அது. 1954இல் முதல்வரான காமராசர் அதைக் கைவிட்டார்.

காமராசர் நம் விருதுநகரில் பிறந்தவர். இளம் வயதில் தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். பசித்த பிள்ளை பள்ளியில் இருக்காது என்பதை அறிந்த அவருடைய ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் பரவியது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. கூலிக்குப் போகும் பிள்ளைக்குப் பண்ணை வீட்டில் கிடைத்த கஞ்சியே அவனுடைய உழைப்புக்கு விலையாக இருந்தது. அரசுப் பள்ளியில் சோறு கிடைத்தபோது அந்த விலை அறுந்தது. கரிசல் காட்டில் குழந்தைப் பருவத்தை உருவாக்கியதில் சத்துணவுக் கூடத்துக்கும் வகுப்பறைக்குச் சமமான பங்கு உண்டு. அங்கும் சாதி நுழைந்ததை மறக்க இயலாது. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் எதிர்த்தனர். எவர் கையால் உண்ணக் கூடாது என்பதையே அப்பெற்றோர் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர்.

தீப்பெட்டியும் சித்திரக்கதையும்

நம் மாவட்டத்தின் மறுகோடியில் சிவகாசி. அங்கே அச்சகங்களும் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலும் ஒன்றாக வளர்ந்தன. 1970களின் தொடக்கத்தில் முத்து காமிக்ஸ், 1984இல் லயன் காமிக்ஸ் எனத் தமிழ்ச் சிறுவர்கள் பலரை வாசகர்களாக்கிய சித்திரக்கதை இதழ்கள் அந்நகரிலிருந்தே வந்தன. அதே ஆண்டுகளில் விடியுமுன் வந்து நின்ற தொழிற்சாலைப் பேருந்துகள், சுற்றிலுமுள்ள வறண்ட கிராமங்களின் பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆலைகளுக்கு ஏற்றிச் சென்றன. ஒரே நகரம் ஒரு பிள்ளைக்கு வாசிப்பை அனுப்பியது. மற்றொரு பிள்ளையைக் குச்சி அடுக்க அழைத்துக்கொண்டது.

சலம் பென்னூர்க்கர் 1990இல் இயக்கிய 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் அப்பிள்ளைகளை உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் குழந்தை உழைப்பு நீடிப்பதற்கு வறுமை மட்டும் காரணமில்லை என்று 1991இல் மைரன் வீனர் எழுதினார். சிலர் மூளையால் உழைக்கப் பிறந்தவர்கள், சிலர் கையால் உழைக்கப் பிறந்தவர்கள் என்று அதிகாரிகளும் படித்த வர்க்கமும் கொண்டிருந்த நம்பிக்கையே கட்டாயக் கல்வியைத் தடுத்தது என்பது அவர் முடிவு. அந்நம்பிக்கையின் ஊற்று எது என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயத் தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அக்குடும்பத்தின் பெரியவர் ஒருவருக்கு வேலை தர அரசு முயல வேண்டும் என்றும், அது இயலாவிடில் நல நிதிக்கு 5,000 ரூபாய் அளிக்க வேண்டும் என்றும் கூறியது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதற்குப் பெற்றோருக்குக் கூலி வேண்டும் என்பதை நீதிமன்றம் ஏற்றது இத்தீர்ப்பின் முக்கியமான கூறு.

வாசித்தவர்கள் எழுதினார்கள்

இதே மாவட்டத்தின் மேற்கே, வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் ஒரே வீட்டில் பிறந்த இருவர் தமிழில் குழந்தைப் பருவம் பற்றிய எழுத்தையே மாற்றினர். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது. 'கருக்கு' காட்டும் சிறுமி, பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிச் செல்வதைக் கண்டு சிரிக்கிறாள். அதன் பொருளை அண்ணன் விளக்கியபின் அவளால் சிரிக்க முடியவில்லை. நன்றாகப் படித்தால் இந்த இழிவைத் தள்ளிவிடலாம் என்று அண்ணன் சொன்னதை அவள் பிடித்துக்கொள்கிறாள்.

தமிழ் உரைநடையில் அதுவரை பெரிதும் பேசப்பட்ட பால்யம் பாட்டியின் கதைகளும் கோயில் திருவிழாவும் நிறைந்த பால்யம். தலித் தன்வரலாறுகள் அதில் விடுபட்டதை எழுதின. அப்பிள்ளைகளுக்கும் விளையாட்டு உண்டு, குறும்பு உண்டு, சிரிப்பு உண்டு. சாதியை அறியும் ஒரு நாளும் உண்டு. அந்த நாள் பெரும்பாலும் பள்ளியில் அல்லது பள்ளிக்குப் போகும் வழியில் வருகிறது. பள்ளிதான் அந்த இழிவுக்குப் பெயர் சொல்லவும் கற்றுக்கொடுக்கிறது.

இன்று எங்கே நிற்கிறோம்

2002இல் அரசமைப்புச் சட்டத்தில் 21அ பிரிவு சேர்ந்தது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரை பள்ளியில் இருப்பது ஒவ்வொரு பிள்ளையின் உரிமை என்று சட்டம் சொல்கிறது. புலே கேட்ட எல்லை 120 ஆண்டுகளுக்குப் பின் அரசமைப்பில் இடம்பெற்றது.

ஆனால் 2016இல் குழந்தை உழைப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, பதினான்கு வயதுக்குட்பட்டோர் எந்தத் தொழிலிலும் ஈடுபடக் கூடாது என்ற தடையோடு ஒரு விலக்கும் சேர்க்கப்பட்டது. பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம். அது அபாயத் தொழிலாக இருக்கக் கூடாது. குடும்பத் தொழில் என்பது நம் நாட்டில் எதைக் குறிக்கும் என்பதை 1953 நமக்குக் கற்பித்திருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து துண்டுக்கூலிக்குச் செய்யும் வேலையும் இவ்விலக்கின் நிழலில் ஒதுங்கிக்கொள்ளலாம்.

பள்ளிக்குள்ளிருந்தும் ஆபத்து வருகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் அவரோடு பயின்ற மாணவர்கள். சாதியைச் சொல்லித் துன்புறுத்தியதைப் பற்றி அவர் பள்ளியில் முறையிட்டதே அவர்களுக்குப் பகையானது. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிநாயகம் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்குதல், மாணவர் சாதி குறிக்கும் வண்ணக் கயிறுகள் அணிவதைத் தடுத்தல் உள்ளிட்ட பரிந்துரைகள் அதில் உள்ளன. வெட்டப்பட்டவரின் குழந்தைப் பருவம் அன்று பறிபோனது. பதின்ம வயதில் அரிவாளைத் தூக்கியவர்களின் குழந்தைப் பருவத்தையும் அவர்களுடைய சாதியே முன்னதாகப் பறித்திருந்தது.

ஆகவே பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்துவிட்டனர் என்ற எண்ணிக்கையோடு நாம் நிறைவடைய முடியாது. 2016இன் குடும்பத் தொழில் விலக்கு நீக்கப்பட வேண்டும். சந்துரு குழுவின் பரிந்துரைகள் ஒவ்வொரு பள்ளியிலும் செயலாக வேண்டும். ஊர் நூலகம் காலனிப் பிள்ளை தயக்கமின்றி நுழையும் இடத்தில் அமைய வேண்டும். அதன் அடுக்குகளில் அப்பிள்ளை தன்னைக் காணும் நூல்கள் இருக்க வேண்டும்.

மாலையில் அதே பிள்ளைகள் காரியாபட்டியிலிருந்து பேருந்தில் ஊர் திரும்புகின்றனர். சீருடையைக் கழற்றியபின் சிலருக்குத் தனிப்பயிற்சி வகுப்பு, சிலருக்கு விளையாட்டு. சிலருக்கு ஆடு, விறகு, தம்பி தங்கையின் பசி, கரிமூட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பாத பெற்றோருக்காகக் காத்திருப்பு. காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை எல்லோரையும் குழந்தைகளாக நடத்த நாம் பெரும் போராட்டத்துக்குப் பின் கற்றிருக்கிறோம். மாலை நான்கு மணிக்குப் பின்னும் அவர்கள் குழந்தைகளாகவே இருக்க வழி செய்வது இன்னும் செய்யப்படாத வேலை.